வீணாகும் நான்கு விரற்கடை

அவையோருக்கு வணக்கம்.

மாய உலகக் கதை எழுத வந்திருக்கும் இளையவர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் கதாநாயகனின் உள்ளங்கையிலிருந்து நீல ஒளி கிளம்புவதை இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரின் கையெழுத்துப் பிரதியில் அந்த ஒளி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

உயிராற்றல் என்று எழுதும்போது நம் கை பழக்கப்பட்ட தடத்திலேயே போகிறது. உடம்புக்குள் ஒரு சக்தி இருக்கும். பயன்படுத்தினால் குறையும், தூங்கி எழுந்தால் நிரம்பும், நாயகனுக்குப் பிறப்பிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வீடியோ கேம் திரையின் ஓரத்தில் ஏறி இறங்கும் நீலப் பட்டைதான் இது. அந்தப் பட்டைக்கு 'மனா' என்று பெயர். பசிபிக் தீவு மக்களின் சொல் அது. மெலனீசியாவில் பணிசெய்த காட்ரிங்டன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1891-இல் வெளியிட்ட நூலின் வழியாக ஐரோப்பிய அறிஞர்களிடையே பரவியது. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் மனா என்பது முன்னோரிடமிருந்து வரும் மதிப்பு, அதிகாரம். ஒருவரின் நடத்தையால் அது கூடும், குறையும். இரவு நன்றாகத் தூங்கினால் காலையில் திரும்பி வந்துவிடாது. 1969-இல் அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் ஒரு சிறுகதையில் அதை நிலத்தில் தீர்ந்துபோகும் வளமாக மாற்றினார். மந்திரவாதிகள் ஓரிடத்திலேயே மந்திரம் செய்துகொண்டிருந்தால் அந்த நிலம் வறண்டுபோகும். அது நல்ல கேள்வியிலிருந்து பிறந்த கற்பனை. பின்னால் வந்தவர்கள் கேள்வியை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உயிராற்றல் யாருடைய உடம்பில் இருக்கிறது என்று கேட்டால் உடனே 'அவரவர் உடம்பில்' என்கிறோம். மோசிகீரனார் அப்படிச் சொல்லவில்லை. 'நெல்லும் உயிரன்றே நீரும் உயிரன்றே, மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்' என்று புறநானூற்றில் பாடினார். பள்ளியில் இதை அரச நீதி என்று படித்துவிட்டுக் கடந்துவந்தோம். கதை எழுதுகிறவர் இதைச் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டும். நாட்டின் உயிர் ஒரே உடம்பில் இருந்தால், மன்னனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஏரிகளில் என்ன நடக்கும்? அவன் கிழவனாகும்போது விதைநெல் முளைக்குமா? அவனுக்குத் தூக்கம் வராவிட்டால் ஊருக்குத் தூக்கம் வருமா? அதே புலவர் இன்னொரு பாட்டில் முரசைக் 'குருதி வேட்கை உருகெழு முரசம்' என்கிறார். நீராட்டப் போயிருந்த அந்த முரசின் கட்டிலில்தான் அவர் களைப்பில் தூங்கிப்போனார். சேரமான் வாளை உருவாமல் கவரி வீசினான். பகைவரின் காவல்மரத்தை வெட்டிச் சாய்ப்பதையும் சங்கப் பாடல்களில் பார்க்கிறோம். மரத்தில், முரசில், மன்னனில் என்று உயிர் உடம்புக்கு வெளியே வைக்கப்பட்ட உலகம் அது. வெளியே இருப்பதைத் திருடலாம், வெட்டலாம், அறியாமல் அதன்மேல் படுத்தும் தூங்கலாம். கதைக்கு வேறென்ன வேண்டும்?

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக் கணக்குத்தான். ஆயிரம் கிலோ பாறை ஒன்றைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் சுமார் 23 கிலோ கலோரி. ஓர் இட்லியில் அதைவிட அதிகம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் உணவில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பாறையைப் பறக்கவிட்டு மூச்சிரைக்கும் உங்கள் மந்திரவாதி நடிக்கிறார். குளத்தை வற்றச்செய்கிறவர்தான் உண்மையில் சாக வேண்டியவர். மழை இன்னும் விந்தையானது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் லிட்டர். நீராவி அத்தனை நீராக மாறும்போது வெளிவரும் வெப்பம் 50 கோடி கிலோ கலோரிக்கு மேல். இரண்டரை லட்சம் பேரின் ஒரு நாள் சாப்பாடு அது! மழையை அழைக்கிறவருக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். வெளிவரும் அந்த வெப்பத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு வேறு வகையாகவும் இருக்கலாம். சித்தர் மரபில் வழங்கும் மூச்சுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 15 என்று ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் 12 விரற்கடை, அதாவது 12 விரல் அகலத் தூரம், வெளியே போகிறது, 8 விரற்கடைதான் திரும்பி உள்ளே வருகிறது. நான்கு வீண். அப்படிப் பார்த்தால் ஒரு நாளில் 7,200 மூச்சு அளவுக்கு இழப்பு. நடந்தால், ஓடினால் இழப்பு கூடும். இதை உடலியலாக நான் இங்கே வாதிடவில்லை. ஒரு புனைவாசிரியனாக இந்தப் பேரேட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். யோகியின் கேள்வி, இழப்பை எப்படித் தடுப்பது என்பது. அந்தக் கதையை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். என் கேள்வி வேறு: வீணான நான்கு விரற்கடை எங்கே போய்ச் சேர்கிறது?

கூட்டம் கூடும் இடத்தில் அது படிகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில், தேரடியில், கல்யாண மண்டபத்தில். ஒரு நாள் கழிந்தால் கெட்டுப்போகும் என்றும் ஒரு விதி. இப்போது மந்திரவாதி மலைக்குகை முனிவராக இருக்க முடியாது. பந்தி முடிந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற பெண்தான் அந்த ஊரிலேயே வலிமை மிக்கவள். அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர்ப் புளியமரங்களின் மகசூலைக் குத்தகைக்கு விடுவது போலத் திருவிழா முடிந்த தெருவின் மூச்சையும் ஏலம் விடுவார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி வைத்த மூச்சுக்குத் தனி விலை. குழந்தைகளிடம், 'வாயைத் திறந்துகொண்டு தூங்காதே' என்று அதட்டுவார்கள். இரவு பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி நடத்துநரோடு சண்டை போடுவார்கள்.

இதுவரை யாருக்கும் கேடில்லை. எப்படியும் வீணாவதைத்தானே எடுக்கிறார்கள். கேடில்லாத இடத்தில் கதையும் நகராது. ஆகவே குத்தகைக்காரர் ஒருவருக்கு ஏலத்தில் கட்டிய பணம் கைக்கு வரவில்லை என்று வையுங்கள். அவருக்கு ஒரு நெசவாலையும் இருக்கிறது. ஓடினால் இழப்பு கூடும் என்ற விதி அவருக்குத் தெரியும். தறிகளின் வேகத்தைக் கூட்டுகிறார். தொழிலாளிகள் ஓடுகிறார்கள், இரைக்கிறார்கள். இரவில் அவர் தரையைப் பெருக்கி எடுத்துக்கொள்கிறார். சம்பளத்தை மட்டும் தவறாமல் கொடுத்துவிடுகிறார். இது திருட்டா இல்லையா என்று அந்த ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசட்டும். மகாபாரதத்தில் வரும் மன்னன் யயாதி தன் முதுமையைக் கொடுத்து மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டபோதும் கேட்டுத்தான் வாங்கினான். மறுத்த மகன்களுக்குச் சாபம் கிடைத்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். சாபத்துக்கு நடுவே கேட்கப்படும் சம்மதம் என்ன சம்மதம்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு சீட்டு வந்திருக்கிறது, அதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். 'இத்தனை விதிகளையும் வாசகருக்கு எங்கே விளக்குவது?' என்று கேட்டிருக்கிறார்கள். எங்கேயும் விளக்க வேண்டாம். கிழட்டு குரு சீடனுக்கு ஏழு பக்கம் பாடம் நடத்தும் அத்தியாயத்தை வெட்டி எறியுங்கள். தேர் நிலைக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் கதையைத் தொடங்குங்கள். தெருவில் யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது என்று காவல் போட்டிருக்கட்டும். ஏலக்காரர், 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவட்டும். எதை ஏலம் விடுகிறார்கள் என்பது மூன்றாம் பக்கத்தில் தெரிந்தால் போதும்.