வலையை அறுத்தவருக்கு யார் பணம் கொடுப்பது?

(காட்சி: விடியாத கடல். ஒரு மீன்பிடிப் படகு. வலைக்குள் வெண்புள்ளிகள் நிறைந்த பெரிய முதுகு ஒன்று புரள்கிறது.)

இயற்கையைக் காக்க நிறுவனங்கள் கொடுக்கும் பணம் யாரிடம் போய்ச் சேர வேண்டும்? அதைப் பற்றித்தான் இந்தக் கதை. இடம், குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையோரம். வலையில் சிக்கியிருப்பது திமிங்கலச் சுறா. உலகின் மிகப் பெரிய மீன். 12 மீட்டரைத் தாண்டியும் வளரும். ஆளைக் கடிக்காது, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். ஒரு காலத்தில் இதைக் கரைக்கு இழுத்துவந்து, ஈரல் எண்ணெயைப் படகுப் பலகைகளில் பூசினார்கள். பிறகு இறைச்சியும் ஏற்றுமதியானது. 2001-இல் சட்டம் தடை போட்டது. ஆனால் சட்டம் நடுக்கடலுக்கு வந்து வலையை அறுக்காது. அறுக்க வேண்டியவர் மீனவர். வலையோ அவருடைய மூலதனம்.

2004-இல் ஒரு பிரசாரம் தொடங்கியது. டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம் நிதி கொடுத்தது, வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு களத்தில் இறங்கியது, மாநில வனத்துறை கைகோத்தது. சொற்பொழிவாளர் மொராரி பாபு, இந்தச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டார். கரையோரத்தில் அதற்கு 'வ்ஹாலி' என்றே பெயராயிற்று. அன்புக்குரியவள் என்று பொருள்.

பாசம் சரி, புது வலை யார் வாங்கித் தருவது? அறுந்த வலைக்கு வனத்துறை நஷ்டஈடு கொடுத்தது. அதிலும் ஒரு சிக்கல். அதிகாரி படகேறி வந்து பார்த்தால்தான் சாட்சி. அதுவரை சுறா வலைக்குள்ளேயே தவித்துக் கிடக்கும். பிறகுதான் மீனவர்கள் கையிலேயே தண்ணீர் புகாத கேமரா கொடுக்கப்பட்டது. வலையை அறுத்து, படம் எடுத்து, சுறாவை விட்டுவிடலாம். படமே சாட்சி. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்தச் சின்னக் கேமராதான். மீனவரின் சொல்லை நம்பலாம் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சுறாக்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பின.

(காட்சி: மக்காச்சோளக் கொல்லை மெல்லப் புல்வெளியாக மாறுகிறது.)

பிரான்சின் வித்தேல் கனிமநீர் நிறுவனத்துக்கு வேறு வகைத் தலைவலி. 1980-களில் சுற்றிலும் உள்ள நிலங்களிலிருந்து, உரத்தில் வரும் நைட்ரேட் என்னும் உப்பு அதன் ஊற்றுநீருக்குள் இறங்கத் தொடங்கியது. பண்ணையாளர்கள் புல்வெளியை உழுது மக்காச்சோளம் போட்டு, உரத்தைக் கொட்டியதுதான் காரணம். நிறுவனம் ஆய்வாளர்களை அழைத்து, பண்ணைகளின் வரவு செலவு வரை படிக்கச் சொன்னது. அதன்பின் 18 அல்லது 30 ஆண்டு ஒப்பந்தங்கள் வந்தன: மக்காச்சோளத்தையும் பூச்சிமருந்தையும் விட்டுவிடுங்கள், மாறும் காலத்தில் வரும் நஷ்டத்தை நாங்கள் ஈடுகட்டுகிறோம்.

சொந்த லாபத்துக்காகத்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை. தன் ஊற்று கெட்டுவிடும் என்று பயப்படும் நிறுவனம் 30 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடும். விளம்பரத்துக்காக வருவது படம் எடுத்ததும் கிளம்பிவிடும்.

(காட்சி: ஒரு பேனர். ஒரு குழி. ஒரே மரக்கன்றைப் பிடித்திருக்கும் ஏழு கைகள்.)

நிறுவனங்கள் மரம் நடும் இந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த கோடையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்குக் கூலி? இதைவிட மோசம், இயற்கையான புல்வெளியைத் தரிசு என்று சொல்லி மரம் நடுவது. புல்லில் கூடு கட்டும் பறவைகளுக்கும் இடம் போகும், ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் இடம் போகும். ஓரிடத்தில் காட்டை வெட்டி வேறிடத்தில் நடுவதும் கடைசி வழிதான். முதலில் சேதத்தைத் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் குறைக்க வேண்டும், கெட்டதைச் சீராக்க வேண்டும். ஈடுசெய்வது அதற்கெல்லாம் பிறகு.

2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்ற குன்மிங்–மொன்றியல் கட்டமைப்பு என்னும் இயற்கைப் பாதுகாப்பு உடன்பாட்டின் 15-ஆம் இலக்கு, பெருநிறுவனங்கள் உயிரினப் பன்மைமீது தங்களால் விழும் பாதிப்பைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்கிறது. எனவே அறிக்கைகள் பெருகும். ஒன்று கையில் கிடைத்தால், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட்டுத்தள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருந்தன, உள்ளூரில் யாருடைய நஷ்டத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற வரிகளைத் தேடுங்கள்.

(காட்சி: கரையில் அமர்ந்து கிழிந்த வலையைத் தைக்கும் மீனவர்.)