டச்சுக்காரரும் "நாளைக்கு வர்றேன்"னுதான் சொல்றாரு!

டச்சு மொழியில எதிர்காலமே கிடையாது!

சரி சரி, கோவிச்சுக்காதீங்க, அது தம்ப்நெயிலுக்கு. நம்ம "வருவேன்"ல ஒரு "வ்" நடுவுல உட்கார்ந்து காலம் காட்டுதுல்ல? அப்படி ஒரு எதிர்கால இடைநிலை அங்க இல்ல. இது நிஜம்.

பின்னணி வேகமா: நெதர்லாந்து, பெல்ஜியத்தோட வடபாதி, தென்னமெரிக்காவுல சுரினாம். இங்கெல்லாம் டச்சு பேசுறாங்க. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் பங்காளி மொழி. முடிஞ்சுது.

[திரையில்: இக் கோம் மோர்ஹன்]

"இக்"னா நான், "மோர்ஹன்"னா நாளைக்கு. "கோம்"? "வர்றேன்". சுத்த நிகழ்காலம்! நாம மட்டும் என்னவாம், "நாளைக்கு வர்றேன்"னுதானே சொல்றோம்? "நாளை வருவேன்"னா ஏதோ சபதம் போடுற மாதிரி இருக்கு.

[திரையில்: ஹெட் ஹாட் ரேஹனன்]

"ஹாட்"னா "போகுது". அதாவது, மழை பெய்யப் போகுது! அந்த "ஹ"வை மட்டும் தொண்டையில மீன்முள் சிக்கின மாதிரி சொல்லணும். ஒரே வித்தியாசம், நாம "போகப் போறேன்"னு கூசாம சொல்லுவோம். நெதர்லாந்துல அப்படிச் சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. பெல்ஜியம் பக்கம் சகஜம்.

இப்போ என் செல்லம்: "ஸுலன்". பாடப்புத்தகம் இதைத்தான் "எதிர்காலம்"னு நீட்டும். நான், அவன்னு ஒருமையில வந்தா "ஸல்"னு மாறிடும். "இக் ஸல் யே பெல்லன்"னா போன் பண்றேன், அதுவும் வாக்கு கொடுக்குற தொனியில. டச்சுல கடனுக்கு "ஸ்ஹுல்ட்"னு பேரு. ரெண்டுக்கும் ஒரே வேர். வாக்கு கொடுத்தா கடன்பட்ட மாதிரிதானே!

ஆனா நான் துள்ளிக் குதிச்சது இந்த வாக்கியத்துக்கு:

[திரையில்: ஹெய் ஸல் வெல் தௌஸ் ஸெய்ன்]

"அவன் வீட்டுல இருப்பான்." எப்போ? நாளைக்கா? இல்லீங்க, இப்போ! நேர்ல பார்க்கல, ஊகம்தான். நாமளும் இப்போ நடக்குறதை ஊகிக்க எதிர்காலத்தைத்தானே இழுக்குறோம்: "இந்நேரம் தூங்கிட்டு இருப்பான்." அப்புறம் அந்த "தௌஸ்"ல ஒளிஞ்சிருக்குறது "ஹௌஸ்", வீடு. நம்ம "கக்கூஸ்" கூட டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன "காக்ஹௌஸ்"தான். சிரிக்காதீங்க, பழவேற்காட்டுலயும் நாகப்பட்டினத்துலயும் அவங்க கோட்டை கட்டி இருந்தவங்க.

அதையே சுருக்கி "ஹெட் ஸல் வெல்"னு விட்டா? "இருக்கும், இருக்கும்." மாமா தன் வீரக்கதையை அளந்துவிடும்போது நாம சொல்ற அதே "இருக்கும்"! நம்புனாப்லயும் ஆச்சு, நம்பாதாப்லயும் ஆச்சு. இவ்ளோ தூரம் தள்ளி இருக்குற ரெண்டு மொழிக்கு எப்படிங்க ஒரே குசும்பு வந்துச்சு?

ஒரு எச்சரிக்கை: ஆங்கில "வில்" ஞாபகத்துல "இக் வில்"னு ஆரம்பிச்சா மாட்டிக்குவீங்க. அதுக்கு "எனக்கு வேணும்"னு அர்த்தம்.

உங்க வீட்டுல யாரு அதிகமா "இருக்கும், இருக்கும்"னு சொல்றது? கமெண்ட்ல போடுங்க. ஆங், "-லாமா"ன்னு கேக்கவும் இந்த ஸுலன்தான்.

ஸுலன் வே ஸ்டொப்பன்? நிறுத்திக்கலாமா?