விட்ட வேளையின் சோறு யாருக்கு?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் அன்பு. கிறிஸ்தவர்களின் நோன்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனாலும் மனதில் வெகுநாளாக இருக்கிற ஒன்றைச் சொல்ல இது நல்ல வாய்ப்பு.

2025-ஆம் ஆண்டு நம் மலேசியாவில் ரமலான் மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மார்ச் 5, திருநீற்றுப் புதன். அன்றுதான் எங்களுக்குத் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம், ஆரம்பம். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுத்தவர்களும், புரட்டாசியில் கவிச்சி தொடாதவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் இந்த ஊரில் ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று யாரும் திகைப்பதில்லை. “உங்க ஆளுங்களுக்கு எத்தனை நாள், என்ன கட்டுப்பாடு?” என்றுதான் கேட்பார்கள்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்களுக்குக் கட்டாய ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்கள் அன்று ஒரு வேளை மட்டும் வயிறு நிறையச் சாப்பிடலாம், இறைச்சி கிடையாது. தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை விடுவோம். நாற்பது நாள் என்ற கணக்கில் ஞாயிறுகள் சேராது, அவை ஆண்டவர் உயிர்த்த நாளின் நினைவு. இந்த நாற்பது நாளைப் பற்றிய பேச்சு 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் விதிகளிலேயே வருகிறது. லூத்தரன், மெதடிஸ்ட் சபையார் இதை லெந்து நாட்கள் என்பார்கள். எதை விடுவது, எத்தனை வேளை விடுவது என்பது அங்கே அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. பெந்தெகொஸ்தே சபைகளில் காலையிலிருந்து ஒன்றாகக் கூடி உபவாச ஜெபம் நடக்கும். ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைத் திருச்சபைகளில்தான் கட்டுப்பாடு கடுமை. தவக்காலம் முழுக்க இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. அதற்கு வெளியேயும் ஆண்டின் பெரும்பாலான புதன், வெள்ளிகள் நோன்பு நாட்கள்தான்.

சரி, பைபிள் என்ன சொல்கிறது? மோசேயின் சட்டம் ஆண்டுக்கு ஒரே ஒரு நாளைத்தான் இதற்காக ஒதுக்கியது. ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவக் கழுவாய் நாள். மற்ற நோன்புகள் எல்லாம் ஆபத்து வந்தபோது, துக்கம் வந்தபோது மனிதர்கள் தாங்களாக எடுத்தவை. தன் இனத்தையே அழிக்கக் கட்டளை பிறந்தபோது எஸ்தர் மூன்று நாள், இரவும் பகலும், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். யோனாவின் எச்சரிக்கையைக் கேட்ட நினிவே அரசன் ஆடு மாடுகளுக்கும் தீனி வைக்கக் கூடாது என்று ஆணையிட்டான். தாவீது தன் கைக்குழந்தை நோயில் கிடந்தபோது ஏழு நாள் தரையில் கிடந்தார். குழந்தை இறந்த செய்தி வந்ததும் எழுந்து, குளித்து, உடை மாற்றி, கடவுளின் இல்லத்துக்குப் போய் வணங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு கேட்டார். வேலைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உயிரோடு இருந்தவரை கடவுள் இரங்குவாரோ என்று அழுதேன், இனி அவன் திரும்பி வரப்போவதில்லையே என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ பெற்றோர் அந்தப் பகுதியில் தங்களையே பார்ப்பார்கள்.

ஆனால் இதே பைபிளில் ஒரு கெட்ட நோன்பும் இருக்கிறது. கோயில்களில் இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். ஆகாபு அரசனுக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் மேல் ஆசை. பரம்பரைச் சொத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நாபோத்து சொல்லிவிட்டான். அரசி ஈசபேல் என்ன செய்தாள் தெரியுமா? அரசன் பெயரில் கடிதம் எழுதி, முத்திரை போட்டு, ஊரில் நோன்பு அறிவிக்கச் சொன்னாள். எல்லாரும் பட்டினியோடு பக்தியாகக் கூடினார்கள். நாபோத்தை முன்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் எழுந்து, இவன் கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று பொய்ச்சாட்சி சொன்னார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லால் அடித்துக் கொன்றார்கள். தோட்டம் அரசனுக்குப் போய்விட்டது. நோன்பு அறிவித்து நிலத்தைப் பறித்த கதை இது. நோன்பு என்ற பெயர் இருந்தால் மட்டும் ஒரு செயல் புனிதமாகிவிடாது என்று பைபிளே நமக்குச் சொல்கிறது.

எசாயா இறைவாக்கினரின் 58-ஆம் அதிகாரம் இதே இடத்தில்தான் கை வைக்கிறது. மக்கள் கடவுளிடம் குறைப்படுகிறார்கள்: நாங்கள் நோன்பு இருக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை? அதற்கு வருகிற பதில் தோட்டத்தில் பிறந்த எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் தைக்கிறது. நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள், கையை ஓங்குகிறீர்கள். நாணலைப் போலத் தலையைக் குனிந்துகொண்டால் அதற்குப் பெயர் நோன்பா என்கிறார். அப்புறம் தனக்குப் பிடித்த நோன்பு எது என்று சொல்கிறார்: அநியாயக் கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவரோடு உணவைப் பகிர்வது, தங்க இடம் இல்லாதவரை வீட்டுக்குள் அழைப்பது, உடை இல்லாதவருக்கு உடுத்துவது. அந்தப் பட்டியலில் வயிற்றைப் பற்றி ஒரு வரி வருகிறது. அதுவும் அடுத்தவர் வயிறு.

இயேசுவும் நாற்பது நாள் பாலைநிலத்தில் நோன்பு இருந்தார். ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லும்போது, தலைக்கு எண்ணெய் தடவி, முகத்தைக் கழுவிக்கொள், நீ நோன்பு இருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். வாரத்துக்கு இரண்டு முறை நோன்பு இருக்கிறேன் என்று கடவுளிடமே பெருமை பேசிய பரிசேயரை, யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிரிவினரில் ஒருவரை, பற்றிய கதையும் அவர் சொன்னதுதான்.

இதைத் தொடக்கக் காலத் திருச்சபை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 2-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துத் தத்துவ அறிஞர் அரிஸ்டைடீஸ் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி விளக்கி எழுதினார். அவர்களில் ஒருவர் ஏழையாக இருந்து, கொடுக்க மற்றவர்களிடமும் மிச்சம் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அந்த உணவை அவருக்குக் கொடுப்பார்கள் என்கிறார். அதே நூற்றாண்டில் ரோமில் எர்மாஸ் எழுதிய ‘மேய்ப்பர்’ என்ற நூல் கணக்கே போட்டுக் காட்டுகிறது. நோன்பு நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று பார், அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு.

என் அம்மா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒருசந்தி நாளில் விடியுமுன் வரக்கோப்பி மட்டும் குடித்துவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். ஆனால் கிளம்பும் முன் ஒரு வேலை செய்வார். அன்றைக்குப் பசியாற ஆகியிருக்கக்கூடிய அரிசியைக் கைப்பிடியால் அளந்து, அடுப்படியில் இருந்த பழைய மைலோ டின்னில் போட்டு மூடுவார். பெரிய வெள்ளிக்கு முன் அது கோயிலுக்குப் போகும். அன்று மூன்று மணி வழிபாடு முடிந்ததும் கோயிலின் பின்புறம் பெரிய அலுமினிய அண்டாவில் கஞ்சி கொதிக்கும். பாசிப்பயறு, தேங்காய்ப்பால், கொஞ்சம் வெந்தயம். தொட்டுக்கொள்ளத் துவையல். யார் வந்தாலும் ஊற்றுவார்கள், எந்தக் கோயில் என்று கேட்க மாட்டார்கள். அந்த அரிசியில் பல லயத்து வீடுகளின் ஒருவேளைப் பசி இருந்தது.

இங்கே உடல்நலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஊசி போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளையை விட வேண்டாம். நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வெயிலில் கடுமையாக உழைப்பவர்கள் யாரையும் திருச்சபை கட்டாயப்படுத்தவில்லை. விசுவாசம் குறைவு என்று அவர்களைப் பார்த்து யாரும் பேசவும் கூடாது. அவர்களும் அரிசியை அளந்து போடலாமே.

இனி நான் சொல்ல வந்தது. நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை. குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நம் கோயிலுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கங்காணியின் அதட்டலைக் கேட்டு வளர்ந்த குடும்பம் இன்று அதே அதட்டலைப் போடும்போது, எசாயாவின் அந்த வரி நம்மைப் பார்த்துத்தான் பேசுகிறது. தவக்காலம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்துவிட்டு, ஒரு தொழிலாளியின் கடப்பிதழை, பாஸ்போர்ட்டை, பூட்டி வைத்திருந்தால் அந்த நோன்பைக் கடவுள் எங்கே வைப்பார்? உரிமையின்றி இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியும் குற்றம்.

தீபகற்பத்தில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாம் விடுப்பு எடுத்துக் கோயிலில் இருக்கும்போது அவர்கள் காட்டில் இருப்பார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. பைபிளின் இணைச்சட்ட நூல் அவ்வளவு நேரம்கூடத் தரவில்லை. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடு, அவன் அதை நம்பி இருக்கிறான் என்கிறது. தம்பி, ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் கேட்கிறேன். பாக்கி இருந்தால் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள், எண்ணிக் கையில் கொடுத்துவிடுங்கள். கடப்பிதழையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வாருங்கள், கஞ்சி இருக்கும். அவர்களையும் கூட்டி வாருங்கள்.

நன்றி, வணக்கம்.