முற்றுகைக்கு நடுவுல ஒரு கிரயப் பத்திரம்: எரேமியா 32

எல்லாருக்கும் கர்த்தருடைய நாமத்துல ஸ்தோத்திரம். வேதாகமத்தைக் கையில எடுத்துக்கோங்க. எரேமியா 32ஆம் அதிகாரம். "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" இது 27ஆம் வசனம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில உங்கள்ல சிலருக்கு வந்திருக்கும். பல வீட்டுச் சுவத்துல இருக்கும். ஆனா அதைக் கர்த்தர் எப்போ, யார்கிட்ட, எதுக்குப் பதிலா சொன்னார்னு முழு அதிகாரத்தையும் வாசிச்சவங்க கொஞ்சம் பேர்தான். ஒரு நிலத்தை வாங்கிப் பத்திரம் எழுதி முடிச்ச பிறகு வந்த பதில் அது. அதனால இன்னைக்கு அந்தப் பத்திரத்தைத்தான் பாக்கப் போறோம்.

முதல்ல காலத்தைப் பிடிச்சுக்கோங்க. யூதாவின் ராஜா சிதேக்கியாவுக்குப் பத்தாவது வருஷம், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்குப் பதினெட்டாவது வருஷம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுத்தி உக்காந்திருக்கு. 52ஆம் அதிகாரத்துல தேதி இருக்கு: சிதேக்கியாவின் ஒன்பதாம் வருஷம் பத்தாம் மாசம் பத்தாம் தேதி முற்றுகை ஆரம்பம், பதினோராம் வருஷம் நாலாம் மாசம் ஒன்பதாம் தேதி மதில் உடையுது. ஏறக்குறைய 18 மாசம். நம்ம அதிகாரம் அதுக்கு நடுவுல நடக்குது. ஊருக்குள்ள சாப்பாடு குறைஞ்சுக்கிட்டே வருது, வெளியில மதிலோட உயரத்துக்கு மண்மேடு போட்டுக்கிட்டிருக்காங்க.

எரேமியா எங்க இருக்கார்? அரண்மனைக் காவற்சாலை முற்றத்துல, கைதியா. இந்தப் பட்டணம் பாபிலோன் கையில போகும்னு சொன்னதுக்காக ராஜாவே அடைச்சு வச்சிருக்கார். 37ஆம் அதிகாரத்தின்படி தினம் ஒரு அப்பம் அவருக்கு வருது. நகரத்துல அப்பம் தீர்ற வரைக்கும்தான் அதுவும்.

இந்த நிலைமையில கர்த்தர் சொல்றார்: உன் பெரிய தகப்பன் சல்லூமோட மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்துல இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கோன்னு கேப்பான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நாலஞ்சு கிலோமீட்டர் தூரத்துல, பென்யமீன் நாட்டுல இருந்த ஆசாரியர்களோட ஊர். எரேமியாவோட சொந்த ஊரும் அதுதான். அந்த ஊர்க்காரங்கதான் அவரைக் கொல்லத் திட்டம் போட்டவங்க, 11ஆம் அதிகாரத்துல இருக்கு. சகோதரர்களும் துரோகம் பண்ணினாங்கன்னு 12ஆம் அதிகாரம் சொல்லுது. நகரம் முற்றுகையில கிடக்கு. மதிலுக்கு வெளியில இருக்கிற அந்த நிலத்துல எரேமியா கால் வைக்கவே முடியாது. நாடே போகப்போகுதுன்னு பிரசங்கம் பண்ணினவரும் அவரேதான். அவரைப் பார்த்து, காசு கொடுத்து நிலத்தை வாங்குன்னு சொல்லப்படுது. சோதனை இதுதான். தான் சொன்ன தீர்க்கதரிசனத்துக்கே எதிரா நடக்கிற மாதிரி தெரியுற ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படியணும்.

இங்க 8ஆம் வசனத்துல கொஞ்சம் நில்லுங்க. அனாமெயேல் வர்றான், சொன்னபடியே கேக்குறான். "அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்"னு எரேமியா எழுதுறார். அப்பொழுது! யோசியா ராஜாவின் பதிமூணாவது வருஷத்துல இருந்து ஏறக்குறைய 40 வருஷம் தீர்க்கதரிசியா இருந்தவர். அவருக்கே ஒரு வார்த்தை வந்ததும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்கல. அது நடக்குதான்னு பார்த்தார். அனாமெயேலை அவர் ஆள் அனுப்பிக் கூப்பிடல. அவனாவே வந்தான். வந்து என்ன சொன்னான்? மீட்கிற உரிமை உனக்கு இருக்குன்னான். அது லேவியராகமம் 25:25. ஒரு சகோதரன் வறுமையில நிலத்தை விற்க வேண்டி வந்தா, நெருங்கின உறவினன் அதை மீட்டு, குடும்பத்துக்குள்ளேயே வச்சுக்கணும்.

அப்போ இங்க மூணு விஷயம் ஒண்ணா சேருது. தனிப்பட்ட முறையில வந்த வார்த்தை, ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிற நியாயப்பிரமாணம், அவர் ஏற்பாடு பண்ணாம வெளியில இருந்து வந்த சம்பவம். மூணும் ஒரே திசையைக் காட்டின பிறகு அவர் ஒரு நாளும் தாமதிக்கல. "எனக்கு வார்த்தை வந்துச்சு"ங்கிற ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு வீடு நிலம்னு இறங்குறவங்க இந்த வசனத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கணும். விசுவாசம்னா சோதிச்சுப் பாக்காம இருக்கிறதுன்னு எரேமியா நினைக்கல.

அடுத்தது பணம். 17 சேக்கல் வெள்ளி. அப்போ யூதாவுல நாணயம் புழக்கத்துல இல்ல. வெள்ளித் துண்டுகளைத் தராசுல போட்டு, கல்லை எடையா வச்சு நிறுப்பாங்க. அகழாய்வுல கிடைச்ச எடைக்கற்களை வச்சுப் பார்த்தா ஒரு சேக்கல் 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல. 17 சேக்கல்னா சுமார் 190 கிராம் வெள்ளி. அந்தப் பணம் அவர் கையில இருந்துச்சு. அவர் கடன் வாங்கினதா வசனம் சொல்லல, யார்கிட்டயும் காணிக்கை கேட்டதாவும் சொல்லல. இதை அழுத்திச் சொல்றேன். ஏன்னா விசுவாச அடி எடுத்து வைக்கிறேன்னு வட்டிக்கு வாங்கி, திருப்பிக் கட்ட முடியாம, கடைசியில கர்த்தர் கைவிட்டுட்டார்னு சபையையே விட்டுப் போற குடும்பங்கள் இருக்கு. எரேமியா 32 அந்த மாதிரி அடிக்கு ஆதாரம் இல்ல.

இப்போ 10ஆம் வசனத்துல இருந்து 14 வரைக்கும். இந்த அஞ்சு வசனம்தான் எனக்கு இந்த அதிகாரத்தோட இருதயம். பத்திரம் எழுதறார். முத்திரை போடறார். சாட்சிகளை வைக்கிறார். தராசுல வெள்ளியை நிறுக்கிறார். முத்திரை போட்ட பத்திரம் ஒண்ணு, திறந்திருக்கிற பிரதி ஒண்ணு. ரெண்டையும் தன் எழுத்தர், நேரியாவின் மகன் பாருக் கையில கொடுக்கிறார். யார் முன்னால? அனாமெயேல் முன்னால, கையெழுத்துப் போட்ட சாட்சிகள் முன்னால, முற்றத்துல உக்காந்திருந்த எல்லா யூதர்கள் முன்னாலயும்.

ஏன் ரெண்டு? ஒரே விவரத்தை ரெண்டு தடவை எழுதுவாங்க. ஒண்ணைச் சுருட்டி, நூல் கட்டி, முடிச்சு மேல ஈரக் களிமண்ணை வச்சு முத்திரை குத்துவாங்க. இன்னொண்ணு திறந்தே இருக்கும், யார் வேணும்னாலும் படிக்கலாம். பின்னால யாராவது திறந்த பிரதியில ஒரு எழுத்தை மாத்தினா, நியாயாதிபதி முன்னால முத்திரையை உடைச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. இந்தப் பழக்கம் ரொம்ப காலம் இருந்துச்சு. சவக்கடல் பக்கத்துல ஒரு குகையில 1961ல பாபத்தாங்கிற யூதப் பெண்ணோட பத்திரக் கட்டு கிடைச்சது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுலயும் இதே இரட்டைப் பத்திர முறைதான்: மேல்பாதி சுருட்டிக் கட்டியிருக்கும், கீழ்ப்பாதி திறந்திருக்கும், சாட்சிகளோட கையெழுத்து பின்பக்கம்.

அப்புறம் மண்பாண்டம். ரெண்டு பத்திரத்தையும் ஒரு மண்பாண்டத்துல வை, ரொம்ப நாள் இருக்கணும்னு பாருக்குக்குக் கட்டளை. இதோட அருமை 1982ல எருசலேம் தாவீதின் நகரப் பகுதியில நடந்த அகழாய்வைப் பார்த்தா புரியும். பாபிலோனியர் எரிச்ச அடுக்குல 51 களிமண் முத்திரைகள் கிடைச்சது. அதுல ஒண்ணுல சாப்பானின் மகன் கெமரியான்னு பேர் இருக்கு. எரேமியா 36ல வர்ற அதே பேர். ஆனா அந்த முத்திரைகள் ஒட்டியிருந்த பாப்பிரஸ் பத்திரம் ஒண்ணுகூட மிஞ்சல. தீ களிமண்ணைச் சுட்டு இறுக்கிருச்சு, எழுத்தைச் சாம்பலாக்கிருச்சு. இன்னொரு பக்கம், சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில 1947ல கண்டெடுத்த சுருள்கள் ஜாடிக்குள்ள ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷம் இருந்திருக்கு. ஜனங்க பாபிலோன்ல இருக்கப்போறது 70 வருஷம்னு எரேமியாவுக்கு ஏற்கெனவே தெரியும், 29ஆம் அதிகாரத்துல அவரே எழுதினதுதான். அதனால 70 வருஷத்துக்குத் தாங்குற மாதிரி பத்திரத்தைப் பத்திரப்படுத்தறார்.

"கர்த்தர் பார்த்துக்குவார், எதுக்கு ரெண்டு பிரதி, எதுக்கு இத்தனை சாட்சி"ன்னு அவர் விட்டிருக்கலாம். விடல. நாடு திரும்பக் கட்டப்படும்னு அவர் நிஜமாவே நம்பினதனாலதான் ஒரு சட்ட ஓட்டைகூட இல்லாம எழுதினார். அரைமனசாக் கீழ்ப்படிஞ்சிருந்தா எங்க தெரிஞ்சிருக்கும்? பேச்சுல தெரியாது. எடை குறைஞ்சிருக்கும், சாட்சி இருந்திருக்க மாட்டாங்க, பத்திரம் எங்கயோ ஒரு மூலையில கிடந்திருக்கும். நம்ம ஊர்லயும் அப்படியே. கர்த்தர் இந்த இடத்தைக் காட்டினார்னு சொல்லிட்டு வில்லங்கச் சான்று பாக்காம, மூலப் பத்திரம் கேக்காம, சபைக்காரர் தானேன்னு வெள்ளைத்தாள்ல எழுதி முன்பணம் கொடுக்கறாங்க. அதுக்கு விசுவாசம்னு பேர் வைக்காதீங்க.

சரி, 16ஆம் வசனம். "பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுத்த பின்பு" ஜெபம் பண்ணினார். வரிசையைக் கவனிங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு, தன் குழப்பத்தைக் கர்த்தர்கிட்ட கொண்டுபோறார். உம்மாலே செய்யக்கூடாதது ஒண்ணும் இல்லைன்னு ஆரம்பிக்கிறார். வானம் பூமி படைச்சதைச் சொல்றார், எகிப்துல நடந்த அற்புதங்களைச் சொல்றார், ஜனங்களோட பாவத்தைச் சொல்றார். அப்புறம் 24ல, இதோ மண்மேடுகள், பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய், நீர் சொன்னது நடந்துச்சு, நீரே பாக்கிறீர்ங்கிறார். 25ல, ஆனாலும் நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கு, சாட்சிகளை வைன்னு சொன்னீரே, நகரம் கல்தேயர், அதாவது பாபிலோனியர், கையில போயிருச்சே! ஜெபம் அங்கயே முடிஞ்சிருது. ஆமென் இல்ல, கேட்டுக்கொள்கிறேன்னு ஒரு விண்ணப்பமும் இல்ல. புரியலங்கிறதை அப்படியே வச்சுட்டார்.

கேள்வி கேட்டா அவிசுவாசம்னு சபையில சிலர் சொல்லிக் கொடுக்கறாங்க. அதனால மனசுக்குள்ள குமைஞ்சுக்கிட்டு, வெளியில அல்லேலூயா சொல்லிக்கிட்டு இருக்கிறவங்க நிறைய. எரேமியா கேள்வியை மறைக்கல. அது தீர்ற வரைக்கும் கட்டளையை நிறுத்தியும் வைக்கல. நீங்க சோதனையில இருக்கும்போது இந்த ஜெபத்தோட வரிசையை எடுத்துக்கலாம்: தேவன் யார்ங்கிறது, அவர் ஏற்கெனவே செஞ்சது, இப்போ கண்ணு முன்னால இருக்கிற நிலைமை, கடைசியா பொருந்தாத அந்த ஒரு விஷயம். நிலைமையைச் சொல்லும்போது மழுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க, கடன் எவ்வளவோ அந்தத் தொகையைச் சொல்லுங்க.

அதுக்குப் பதில்தான் நம்ம 27ஆம் வசனம். ஆனா 28, 29ஐ யாரும் அட்டையில அச்சடிக்க மாட்டாங்க. இந்த நகரத்தைக் கல்தேயர் கையில ஒப்புக்கொடுக்கிறேன், அவங்க இதைத் தீக்கொளுத்துவாங்கன்னு வருது. முற்றுகையை நீக்குறேன்னு கர்த்தர் சொல்லல. 37ல இருந்துதான் திரும்பச் சேர்க்கிறதைப் பேசறார். 44ல, பென்யமீன் நாட்டுலயும் எருசலேமைச் சுத்தியும் நிலங்களை விலைக்கு வாங்கி, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைப்பாங்கன்னு எரேமியா செஞ்ச வேலைகளை வரிசையா திரும்பச் சொல்றார். அவர் முற்றத்துல செஞ்சதை ஒண்ணுவிடாம கர்த்தர் கவனிச்சிருக்கார்.

இதோட 28ஆம் அதிகாரத்து அனனியாவையும் வச்சுப் பாருங்க. ரெண்டு வருஷத்துல ஆலயப் பணிமுட்டுகள் எல்லாம் திரும்ப வந்துரும்னு தேதி குறிச்சவர். ஜனங்களுக்கு அது பிடிச்சிருந்தது. அஞ்சாம் மாசம் பேசினார், ஏழாம் மாசம் செத்துப்போனார். ரெண்டு தீர்க்கதரிசிகளும் ஒரே நம்பிக்கையைத்தான் பேசினாங்க, ஜனம் திரும்பி வரும்னு. அனனியா நியாயத்தீர்ப்பை விட்டுட்டுப் பேசினார். யாராவது உங்ககிட்ட தீர்க்கதரிசனம் சொல்லும்போது கஷ்டத்தோட பகுதியை மட்டும் காணோம்னா, தேதி மட்டும் ரொம்பத் தெளிவா இருந்துச்சுன்னா, பொறுங்க. வாழ்க்கைத் துணைகிட்ட சொல்லாம ரகசியமா செய்யச் சொன்னாலும் பொறுங்க. எரேமியா செஞ்சது எல்லாம் முற்றத்துல, எல்லார் கண்ணு முன்னாலயும்.

எரேமியா அந்த நிலத்துல விதைச்சதாவோ அறுத்ததாவோ வேதத்துல இல்ல. நகரம் விழுந்த பிறகு மிச்சமிருந்த ஜனங்க அவரை எகிப்துக்கு, தக்பானேஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, 43ஆம் அதிகாரம். பெர்சிய ராஜா கோரேஸோட கட்டளைக்குப் பிறகு திரும்பி வந்தவங்க பட்டியல் எஸ்றா 2ல இருக்கு. 23ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

இந்த வாரம் வாசிக்கும்போது 37ஐ முதல்ல வாசிச்சுட்டு 32க்கு வாங்க. பாபிலோன் சேனை கொஞ்ச நாள் விலகினபோது எரேமியா தன் பங்கை வாங்க பென்யமீன் நாட்டுக்குக் கிளம்பினதும், வாசல்லயே காவல் அதிகாரி யெரியா பிடிச்சுப் பிரபுக்கள்கிட்ட கொண்டுபோக, அவங்க அடைச்சதும் அங்க இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்தா, அவர் ஏன் முற்றத்துல இருக்கார்ங்கிறது விளங்கும். அடுத்த வீடியோவுல 45ஆம் அதிகாரம், பாருக்குக்கு மட்டும் கர்த்தர் தனியாச் சொன்ன அஞ்சு வசனம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.