காட்டை எண்ணுவது எப்படி, எண்ணியதை நம்புவது எப்படி

வணக்கம் நேயர்களே. ஒரு நாட்டில் எவ்வளவு காடு இருக்கிறது என்று கேட்டால் உடனே ஒரு சதவீதத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நாமும் அது போன தடவையைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த ஒற்றை எண் எப்படி வந்தது, எதையெல்லாம் காடு என்று சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தடவை எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு காடு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. அதே இடத்துக்குத் திரும்பப் போய், அதே முறையில், அதே மரத்தை மறுபடி அளக்க வேண்டும். பல நாடுகளில் நடக்காமல் போவது இந்த இரண்டாவது அளவுதான்.

முதலில், எது காடு? ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உலகம் முழுவதற்கும் ஒரு வரையறை வைத்திருக்கிறது. நிலம் அரை ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும், மரங்கள் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும் அல்லது அந்த உயரத்துக்கு வளரக்கூடியவையாக இருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரத்தலைகள் மறைத்திருக்க வேண்டும், அந்த நிலம் முக்கியமாக விவசாயத்துக்கோ ஊர் கட்டவோ பயன்படுவதாக இருக்கக் கூடாது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன்படி, மரத்தையெல்லாம் அடியோடு வெட்டிவிட்டு மறுபடி நடப்போகிற மொட்டை நிலமும் காடுதான், ரப்பர் தோட்டமும் காடுதான், எண்ணெய்ப் பனைத் தோட்டமோ காடு இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறை வேறு மாதிரி. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், 10 சதவீத மரத்தலை மறைப்பு, அவ்வளவுதான். யாருடைய நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை, அதனால் பழத்தோட்டமும் தென்னந்தோப்பும்கூட உள்ளே வந்துவிடும். எது சரி எது தவறு என்று நான் சொல்ல வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் வரையறையைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்பவர் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறார்.

அளக்கும் முறை மாறினாலும் எண் மாறும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 1999 அறிக்கையில் இந்தியாவின் காட்டுப் பரப்பு சுமார் 6.37 லட்சம் சதுர கிலோமீட்டர், 2001 அறிக்கையில் சுமார் 6.75 லட்சம். இரண்டு வருஷத்தில் 38,000 சதுர கிலோமீட்டர் காடு முளைத்துவிடவில்லை. செயற்கைக்கோள் படங்களை நாடு முழுவதற்கும் கணினியிலேயே பிரித்து, முன்பைவிட நுணுக்கமான அளவுகோலில் பார்க்கத் தொடங்கியதால் முன்பு கண்ணில் படாத சின்னச் சின்னத் திட்டுகள் எல்லாம் கணக்கில் ஏறின, பெரும்பாலும் அதுதான் காரணம். இதை மறைக்கவும் இல்லை, அறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் தலைப்புச் செய்தியில் அந்த விளக்கம் எங்கே வரும்?

சரி, தரையில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு நாட்டின் எல்லா மரத்தையும் யாராலும் எண்ண முடியாது. அதனால் மாதிரி எடுக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் காடு சீராக வெந்த சோறு இல்லை, ஓர் இடத்தில் அடர்ந்திருக்கும், நூறு அடி தள்ளினால் பாறையாக இருக்கும், அதனால் நாடு முழுக்கப் பரவலாக ஆயிரக்கணக்கான இடங்களில் எடுக்க வேண்டும், அந்த இடங்களையும் நம் வசதிக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சாலையோரத்தில் அளப்பது சுலபம், ஆனால் மரம் முதலில் காணாமல் போவதும் சாலையோரத்தில்தான். முதலில் இதை நாடு தழுவிச் செய்தவர்கள் வட ஐரோப்பியர்கள்: நார்வே 1919இல், பின்லாந்து 1921இல், சுவீடன் 1923இல் தொடங்கின. மரத்தை நம்பியே பிழைத்த நாடுகள், வளர்வதைவிட வேகமாக வெட்டிக்கொண்டிருக்கிறோமோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. பின்லாந்தில் இர்யோ இல்வெசலோ என்பவர் தலைமையில் நாட்டின் குறுக்கே தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நேர்கோடுகள் போட்டு, அந்தக் கோட்டிலேயே சதுப்பு வந்தாலும் சரி, மேடு வந்தாலும் சரி, நடந்துபோய் அளந்தார்கள். கோட்டை விட்டு விலகக் கூடாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்றைக்குப் பெரும்பாலும் நிரந்தர மாதிரித் திட்டுகள், அதாவது திரும்பத் திரும்பப் போய் அளப்பதற்காகக் குறித்துவைத்த சிறு இடங்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 2,400 ஹெக்டேருக்கு ஒரு திட்டு, அதற்குள் 7.3 மீட்டர் ஆரத்தில் நான்கு வட்டங்கள். ஓர் அளவைக் குழு அங்கே போனால் என்ன செய்யும்? நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும், வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் திசையும் தூரமும் குறிக்கும், இனம் எழுதும், அப்புறம் டேப்பை எடுக்கும். அடிமரத்தின் தடிமனைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில் அளப்பது பொதுவான வழக்கம் (சில நாடுகளில் 1.37 மீட்டர்). சரிவான நிலமென்றால் மேட்டுப்பக்கம் நின்று அந்த உயரத்தைக் கணக்கிட வேண்டும். மரத்தில் கொடி சுற்றியிருந்தால் டேப் கொடிக்கு மேலே போகக் கூடாது, அதற்கு அடியில் நுழைத்து எடுக்க வேண்டும். டேப் கொஞ்சம் சாய்ந்தாலே அளவு கூடிவிடும். பலகை வேர் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிற மரமென்றால் அந்த வேர் முடிகிற இடத்துக்கும் மேலே போய் அளந்து, எந்த உயரத்தில் அளந்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் கழித்து வருகிற குழு வேறு உயரத்தில் அளக்கும், ஏட்டில் மரம் மெலிந்துபோயிருக்கும். உயிரோடு இருக்கிற மரம் ஐந்து வருஷத்தில் அப்படி மெலியாது. அதனால்தான் நல்ல திட்டங்களில் ஒரு பகுதித் திட்டுகளை வேறொரு குழு போய் மறுபடி அளந்து சரிபார்க்கிறது. பட்டுப்போய் நிற்கிற மரம், விழுந்து கிடக்கிற மரம், கீழே முளைத்து வருகிற கன்றுகள் எல்லாமே கணக்கில் வர வேண்டும். கன்றே இல்லாத காடு மேலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் தெரியும், ஆனால் அதற்கு அடுத்த தலைமுறை இல்லை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். பல நாடுகளில் இந்தத் திட்டின் நடுப்புள்ளியை வெளியே தெரிகிற மாதிரி அடையாளம் போடுவதில்லை. மண்ணுக்குள் ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்துவிட்டு, அடுத்த முறை உலோகத்தைக் கண்டறியும் கருவி வைத்துத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் திட்டின் சரியான இருப்பிடத்தைச் சட்டப்படியே வெளியிடுவதில்லை. நில உரிமையாளரின் தனியுரிமை ஒரு காரணம். இன்னொன்று, இங்கே அளக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள், அல்லது அங்கிருந்தே முதலில் வெட்டுவார்கள், எப்படியும் அது மற்ற காட்டைப் போல நடத்தப்படாது. அளக்கிற இடம் சாதாரண இடமாகவே இருந்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு.

மாதிரி என்றால் பிழையும் உண்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு திட்டுகள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். செலவு எங்கே ஏறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். பிழை அளவைச் சேர்த்துச் சொல்லும் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுகிறது, ஏனென்றால் மாற்றம் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டால் காடு கூடிவிட்டது என்று கொண்டாட அங்கே எதுவுமில்லை.

இந்தக் காலத்தில் செயற்கைக்கோள் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயற்கைக்கோளின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1972இல் பூமியைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையில் முதல் லேண்ட்சாட் மேலே போனது, 2008இல் அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தன, அதற்கப்புறம் ஏழை நாடுகளும் தங்கள் காட்டைத் தாங்களே பார்க்க முடிந்தது. பிரேசில் 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காடழிப்பைக் கணக்கிடுகிறது, 2004இல் உடனுக்குடன் எச்சரிக்கும் முறையையும் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த காடழிப்பு 2012இல் 4,600க்குப் பக்கத்தில் இறங்கியது. படம் மட்டும் செய்த வேலை இல்லை இது, படத்தைப் பார்த்துவிட்டு அங்கே அதிகாரிகள் போனார்கள், அபராதம் போட்டார்கள், கடனை நிறுத்தினார்கள். அப்புறம் வெட்டுபவர்களும் கற்றுக்கொண்டார்கள். கண்காணிப்பின் கண்ணில் படாத அளவுக்குச் சிறு துண்டுகளாக வெட்டுவது பரவியதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கு 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டை எண்ணுவதில்லை.

லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதற்குள் ஒரே ஒரு விலை மதிப்புள்ள மரத்தை வெட்டிக் கொண்டுபோனால் புள்ளி அநேகமாகப் பச்சையாகவே இருக்கும். காட்டு மரமா, நட்ட மரமா என்பதும் பல சமயம் தெரியாது. இப்போது லேசர் கொண்டு மரத்தின் உயரத்தை விண்ணிலிருந்தே அளக்கிறார்கள், 2025இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் காட்டின் எடையை மதிப்பிடுவதற்காகவே ஒரு ரேடார் செயற்கைக்கோளை அனுப்பியது. ஆனால் அவை தரும் எண்கள் சரிதானா என்று பார்ப்பதற்குத் தரையில் டேப் பிடித்து அளந்த மரங்கள்தான் வேண்டும்.

உலக அளவில், முதலில் சொன்ன அந்த ஐ.நா. அமைப்பின் 2025 மதிப்பீட்டின்படி 414 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது, நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2015 முதல் 2025 வரை நிகர இழப்பு ஆண்டுக்குச் சுமார் 41 லட்சம் ஹெக்டேர், தொண்ணூறுகளில் இருந்த 1.07 கோடியோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆனால் நிகரம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அழிந்தது ஆண்டுக்குச் சுமார் 1.09 கோடி ஹெக்டேர். வேறு இடங்களில் தானாக முளைத்ததும் நட்டதும் சேர்ந்து அதில் பெரும்பகுதியை ஈடுகட்டியதால்தான் எண் சுருங்கியது. நூற்றாண்டுகளாக நின்ற மழைக்காட்டில் ஒரு ஹெக்டேர் போய், ஒரே இன மரம் நட்ட ஒரு ஹெக்டேர் வந்தால், கணக்கில் இழப்பு பூஜ்யம். அங்கே இருந்த குரங்குக்கும் இருவாச்சிக்கும் அது பூஜ்யம் இல்லை. இதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று நான் விடாமல் கேட்கிறேன்: எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, போனது எந்தக் காடு, வந்தது எந்தக் காடு.

இதற்கெல்லாம் பதில் கிடைக்க அந்த இரண்டாவது அளவு வேண்டும். முதல் அளவைக்கு வெளியிலிருந்து நிதி கிடைத்துவிடுகிறது, அறிக்கை வெளியாகிறது, விழா நடக்கிறது. அதன்பின் பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைக்கு மாற்றப்படுகிறார்கள், புதைத்த கம்பிகளின் குறிப்பேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. இரும்பு மண்ணுக்குள் அப்படியேதான் இருக்கும், தேடிப் போக ஆள் இருக்காது. அடுத்த சுற்றுக்கான பணத்தை வருஷா வருஷம் நாட்டின் சொந்த வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்குத் திட்டுகளை ஒவ்வொரு ஆண்டும் அளந்தால் வேலையும் நிற்காது, ஆட்களின் கையும் பழகிக்கொண்டே இருக்கும், சில நாடுகள் இப்படித்தான் செய்கின்றன. அடுத்த அறிக்கை வரும்போது முதல் பக்கத்துச் சதவீதத்தைத் தாண்டிப் போய், முறையை விளக்கும் பகுதியைப் புரட்டுங்கள். போன தடவை அளந்த திட்டுகளில் எத்தனையை இந்தத் தடவை திரும்ப அளந்தார்கள் என்று அங்கே இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.