மினியேச்சர் கடையில் இன்னும் என்ன வாங்கி வைப்பது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "12-க்கு 1 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, ஒரு மினியேச்சர் துணிக்கடை செய்கிறேன். மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்கத் துணிச் சுருள், தொங்கும் விளக்கு, ஆளுயரக் கண்ணாடி, ரிப்பன் டப்பா எல்லாம் வைத்துவிட்டேன். ஆனாலும் கடையாகத் தெரியவில்லை. அழகாக அடுக்கிய பெட்டியாகத்தான் தெரிகிறது. இன்னும் என்ன வாங்கி வைக்க வேண்டும்? வைத்ததையெல்லாம் பசை போட்டு ஒட்டிவிடலாமா?" கூடவே ஒரு படமும் அனுப்பியிருக்கிறார்.

முதல் பாதிக்குப் பதில்: எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கடையில் சாமான் குறையவில்லை, கடைக்காரர்தான் இல்லை. சரி, பழைய பார்வையாளர்கள் இப்போதே சிரிப்பார்கள். "கடைக்காரர் எங்கே நிற்பார்?" என்று நான் கேட்காத பேச்சே கிடையாது. மருந்துக்கடை பற்றிப் பேசியபோதும் கேட்டேன், பூக்கடை பற்றிப் பேசியபோதும் கேட்டேன். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: நான் பொம்மை ஆளைச் சொல்லவில்லை. ஆள் பொம்மையே வேண்டாம். ஆள் வேலை செய்யும் இடம் வேண்டும்.

படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால், மேசைக்கும் பின்சுவர் அலமாரிக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டர் போல இருக்கிறது. பன்னிரண்டால் பெருக்குங்கள், 36 சென்டிமீட்டர். அதில் ஒருவர் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைய முடியும். குனிந்து கீழ்த்தட்டில் இருந்து ஒரு சுருளை உருவ முடியுமா? முடியாது. அந்த இடம் ஏழு சென்டிமீட்டராவது வேண்டும். மேசை உயரம் ஏழரை, அது சரியாக இருக்கிறது. அப்புறம், மேல்தட்டு. தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது, நிஜத்தில் 2 மீட்டர் 40. அங்கேயும் சுருள்களை அடுக்கியிருக்கிறீர்கள். எப்படி எடுப்பார்? ஏணி எங்கே? பார்க்கிறவர் இந்தக் கணக்கையெல்லாம் மனதில் போடுவதில்லை, ஆனால் கண் போட்டுவிடும். ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று. என் நண்பர் ஒருவர் எழுதுபொருள் கடை செய்திருந்தார். அபாரமான வேலை, பென்சில்கள்கூடச் சீவியிருக்கும். ஆனால் மேசை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீளமாக ஓடும். பார்க்க வந்த பெரியவர்கள் எல்லோரும் பென்சிலைப் பார்த்து வாய் பிளந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடைக்காரர் மேசைமேல் ஏறிக் குதித்தா உள்ளே போவார்?" என்று கேட்டாள். நண்பர் அன்று இரவே மேசையின் ஓரத்தை அறுத்து, கீல் வைத்துத் தூக்கும் பலகையாக்கிவிட்டார். இப்போது யார் வந்தாலும் பென்சிலை விட்டுவிட்டு அந்தப் பலகையைத்தான் தூக்கிப் பார்க்கிறார்கள். தூக்கியபடியே பாதியில் நிற்க வைக்கலாமா என்று அவர் கேட்டார். தாராளமாக, இப்போதுதான் யாரோ உள்ளே போயிருக்கிறார் என்று ஆகிவிடும் அல்லவா!

மினியேச்சர் என்றாலே எல்லோரும் இங்கிலாந்து ராணி மேரியின் பொம்மை வீட்டைத்தான் சொல்வார்கள். 1921 முதல் 1924 வரை செய்தது, கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸின் வடிவமைப்பு, இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும். பிரமாதம்தான். ஆனால் கடை செய்கிறவர்கள் பாடம் படிக்க வேண்டியது அங்கே இல்லை என்பது என் கட்சி. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்று ஓர் அம்மையார் இருந்தார். 1940-களில், குற்றம் துப்பறியும் பயிற்சிக்காகவே சின்னச் சின்ன அறைகள் செய்தார். நட்ஷெல் ஸ்டடீஸ் என்று பெயர். உங்கள் கடையின் அதே 12-க்கு 1 அளவு. அங்கே சாவு நடந்திருக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் அறையைப் பார்த்தே என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். பொம்மைக்குப் போட்ட காலுறையைக் குண்டூசிகளால் பின்னினார் என்றால் பாருங்கள். ஆனால் நான் வியப்பது காலுறையை அல்ல. அங்கே ஒரு பொருள் சாய்ந்து கிடந்தால் அதற்குக் காரணம் உண்டு, திறந்திருந்தால் காரணம் உண்டு. அழகுக்காக ஒன்றும் கிடையாது. உங்கள் கடையில் பிணம் வேண்டாம், பயப்படாதீர்கள். அந்தக் காரணம் மட்டும் போதும்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். நிரம்பி வழிகிற அலமாரியில் நான்கைந்து சுருள்களை எடுத்துவிடுங்கள். எது நன்றாக விற்கும் என்று நீங்களே முடிவு செய்து, அந்த வரிசையில் ஓட்டை விடுங்கள். சுருள் எல்லாம் ஒரே பருமனாக இருக்கக் கூடாது. சிலது முழுசு, சிலது வெட்டி வெட்டி இளைத்துப்போனது. யாருக்கும் பிடிக்காத ஒரு நிறம், எப்போதும் முழுதாகவே இருப்பது, அது கீழ்த்தட்டு மூலைக்குப் போகட்டும். எடுத்ததில் ஒன்றை மேசைமேல் பாதி விரித்து வையுங்கள், பக்கத்தில் கத்தரிக்கோல், அளவுகோல். ஒரு மீட்டர் கோல் இங்கே எட்டே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கத்தரிக்கோல் கடைக்காரர் பக்கம்தான் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் பக்கம் போகக் கூடாது. ஏணி ஒன்று செய்து சாய்த்துவிடுங்கள்.

விரித்து வைப்பது என்றதும் துணி வம்பு செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றையும் சிறிதாக்கலாம். 3 மில்லிமீட்டர் பலகை 36 மில்லிமீட்டர் பலகையாகத் தெரியும், காகிதத்தைச் சுருக்கி அச்சிடலாம். துணியைச் சுருக்க வழியில்லை. கால் மில்லிமீட்டர் கனமுள்ள சட்டைத் துணி இந்தக் கடையில் 3 மில்லிமீட்டர் ஜமுக்காளம். துண்டு சிறியதாகிவிட்டதால், தன்னை இழுத்துத் தொங்கவிட எடையும் போதாது. விறைத்து நிற்கும். அதனால் மெல்லிய பட்டு, பலமுறை துவைத்து நைந்த கைக்குட்டை, இப்படித் தேடுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, பிளாஸ்டிக் தாள்மேல் மடிப்பு வைத்து, குண்டூசி குத்திக் காயவிட்டால் விழுந்த மடிப்பு அப்படியே நிற்கும். பட்டில் நிறம் ஓடலாம், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். சுருளுக்குள் அட்டை இருக்கட்டும், மேலே இரண்டு சுற்றுத் துணி போதும். வெட்டுவதற்கு முன்பே வெட்டும் கோட்டில் பசை தடவிவிட்டால் நூல் பிரியாது. பூப்போட்ட துணி எடுக்கும்போது மட்டும் கவனம். ஒரு சென்டிமீட்டர் பூ அங்கே உள்ளங்கையைவிடப் பெரிய பூ.

ஒட்டலாமா என்ற கேள்விக்கு: அலமாரி, மேசை, விளக்குக் கம்பி இவற்றை ஒட்டுங்கள். சரக்கை ஒட்டாதீர்கள். மினியேச்சர் வேலைக்கென்றே பிசுபிசுப்பான மெழுகு கிடைக்கிறது, கடுகளவு உருட்டி அடியில் வைத்தால் போதும், லேசாகத் திருகினால் கழன்று வந்துவிடும். கடைக்காரர் நாளைக்குச் சரக்கை மாற்றி அடுக்குவார், நீங்களும் மாற்றுவீர்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியைத் துணிக்கு அருகிலேயே கொண்டுபோக வேண்டாம், அதிலிருந்து நூல்போல இழுபடும் பசை பட்டில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. ஏணி வைத்த பிறகு இன்னொரு படம் அனுப்புங்கள். இந்த முறை வாசல் பக்கத்திலிருந்து எடுக்காமல், கேமராவை மேசைக்குப் பின்னால் வைத்து எடுத்து அனுப்புங்கள்.