3.1 சதவீதம் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது?

அறிவியல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-இல் பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு உண்டு என்று 2025-இல் நாசா சொன்னது; சில நாளிலேயே அந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிட்டது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மாணவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "2032-ல அது பூமி மேல விழுமா சார்?" இதற்கு விடை ஒரே சொல்: விழாது. அடுத்த கேள்விதான் பெரியது. "அப்போ மூணு சதவீதம்னு சொன்னது தப்புதானே?" இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும்.

சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று அதைக் கண்டது. அதற்கு இரண்டு நாள் முன்பே அது நம்மைத் தாண்டி விலகத் தொடங்கிவிட்டது. நாளுக்கு நாள் மங்கிக்கொண்டும் போனது. தொலைநோக்கிப் படத்தில் கிடைப்பது திசை மட்டுமே, தூரம் கிடைக்காது. சில நாள் பார்த்த பாதையின் சின்ன வளைவை வைத்து எட்டு ஆண்டு கழித்து, 2032 டிசம்பர் 22 அன்று அது எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு புள்ளியாகச் சொல்ல முடியாது. ஒரு நீண்ட கோட்டில் எங்காவது இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

அந்தக் கோட்டை மேசைமேல் கொண்டுவருவோம். 2 மீட்டர் ரிப்பன், ஒரு பத்து ரூபாய் நாணயம், கத்தரிக்கோல் போதும். நாணயத்தின் விட்டம் 2.7 செ.மீ.; அதுதான் பூமி. ரிப்பனின் ஒரு முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளி அதை வையுங்கள். 200-இல் 2.7 என்றால் 1.35 சதவீதம்; அதுதான் மோதும் வாய்ப்பு. இப்போது புதுப் படங்கள் வருகின்றன. சிறுகோள் இருக்கவே முடியாத பகுதி தெரிகிறது. நாணயத்துக்கு எதிர்முனையில் 113 செ.மீ. வெட்டி எறியுங்கள். மிச்சம் 87. நாணயம் அதே அளவுதான், ஆனால் பங்கு 3.1 சதவீதம் ஆகிவிட்டது! 2025 பிப்ரவரி 18 அன்று நாசா அறிவித்த எண் இதுதான். கல் நெருங்கி வரவில்லை, நம் அறியாமை சுருங்கியது. அடுத்த வெட்டு நாணயம் இருக்கும் பக்கம் விழுகிறது, 30 செ.மீ. போகிறது, நாணயமும் அதோடு போகிறது. பிப்ரவரி 24-இல் எண் 0.004 சதவீதம்.

இதைச் செய்யும்போது வழக்கமாக நேரும் பிழை, நாணயத்தை நட்டநடுவில் வைத்து இரு பக்கமும் சமமாக வெட்டுவது. அப்படி வெட்டினால் சதவீதம் ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: உண்மைக் கணக்கில் ரிப்பன் முழுவதும் ஒரே வாய்ப்பு கிடையாது, நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு.

பிப்ரவரி நடுவில் பௌர்ணமி வந்ததால் நிலா வெளிச்சத்தில் அந்த மங்கிய புள்ளியைப் பிடிப்பது கடினமாகிவிட்டது. வானம் இருண்ட பிறகு எடுத்த படங்கள்தான் கடைசி வெட்டுகளைப் போட்டன.

அளவும் இப்படியே திருந்தியது. முதலில் 40 முதல் 90 மீட்டர் என்றார்கள். கரித்துண்டும் சாக்பீஸும் ஒரே பிரகாசமாகத் தெரிந்தால் கரித்துண்டுதான் பெரிதாக இருக்கும். வெறும் வெளிச்சத்தை வைத்து அளவு சொல்வதில் உள்ள சிக்கல் அதுதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அது வீசும் வெப்பத்தை அளந்த பிறகு சுமார் 60 மீட்டர் என்று தெளிந்தது.

மாணவர்கள் தாங்களே செய்து பார்க்க அபோபிஸ் என்ற இன்னொரு சிறுகோள் இருக்கிறது. 2004 டிசம்பரில் அதற்குச் சொன்ன வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது. அதே நாணயத்துக்கு ரிப்பன் சரியாக 1 மீட்டர். அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அது பதிவாகியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பார்த்த வளைவு ஒன்பது மாதமாக நீண்டதும் 2029 மோதல் கணக்கிலிருந்தே போய்விட்டது. இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை அது பூமிக்கு மேல் சுமார் 32,000 கி.மீ. தூரத்தில் கடந்து போகும். முதல் வெட்டை எந்தப் பக்கம் போடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.